ஒரு விதியை மாற்றினால் யாருக்கு என்ன ஆகும்? கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

பென்னாகரம் பக்கம் எட்டு ஏக்கர் புன்செய் வைத்திருக்கும் குடும்பமும், பாரூர் ஏரிப் பாசனத்தில் நான்கு ஏக்கர் நன்செய் வைத்திருக்கும் குடும்பமும் குடும்பத் தலைவிகளுக்கு மாதந்தோறும் பணம் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் நில விதிக்கு முன்னால் ஒரே நிலையில் நிற்பவை. நன்செய் என்றால் 5 ஏக்கருக்குக் குறைவு, புன்செய் என்றால் 10 ஏக்கருக்குக் குறைவு. இரண்டு குடும்பங்களும் உள்ளே. அந்த 10 என்ற எண்ணை நாளை 8 ஆக்கினால் பென்னாகரத்துக் குடும்பம் வெளியே போய்விடும். பாரூர்க் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாது. 12 ஆக்கினால், இதுவரை வெளியே நின்ற சிலர் உள்ளே வருவார்கள். எத்தனை பேர்? எந்த ஊர்க்காரர்கள்? அரசுக்குக் கூடுதலாக எவ்வளவு செலவு? ஆணை வெளியாகும் முன்பே இவற்றுக்கு ஓரளவு நம்பத் தகுந்த பதில் சொல்ல முடியும். அதற்கு ஒரு மடிக்கணினியும், எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருளும், நிறையப் பொறுமையும் போதும்.

இந்த முறைக்கு மைக்ரோசிமுலேஷன் என்று பெயர். 1957-ல் கை ஆர்கட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் முன்வைத்த யோசனை இது: நாட்டின் மொத்த வருமானம், மொத்தச் செலவு என்று பெரிய எண்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, குடும்பங்களைத் தனித்தனியாகக் கணினிக்குள் நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் விதியைச் செலுத்தி, கடைசியில் கூட்டிப் பார்ப்பது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வரி, உதவித்தொகை மாற்றங்களை இன்று யூரோமாட் என்ற மென்பொருளில் இப்படித்தான் சோதிக்கிறார்கள். பிரான்சில் 2011-ல் தொடங்கிய ஓப்பன்ஃபிஸ்கா திறந்த மூல மென்பொருள்; யாரும் எடுத்துத் தம் நாட்டுச் சட்டத்தை எழுதிக்கொள்ளலாம். பெயர்களைக் கேட்டு மலைக்க வேண்டாம். முதல் பத்து நாளைக்கு அவை தேவைப்படாது.

இந்தக் கட்டுரை சட்டக் கல்லூரி மாணவர், உள்ளூர்ச் செய்தியாளர், ஊராட்சி உறுப்பினர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அரசாணையை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் இருந்தால் அதுவே பெரிய மூலதனம். என் கணிப்பில் இந்த வேலையில் முக்கால் பங்கு வாசிப்பு. கால் பங்குதான் கணினி.

முதல் படி: எண் உள்ள விதியாகப் பார்த்து எடுங்கள்

"மதுக்கடைகளை மூடினால் குடும்பங்கள் உருப்படுமா" என்பது நல்ல கேள்வி. முதல் முயற்சிக்கு ஆகாத கேள்வி. வரம்பு, வயது, தொகை, யூனிட் என்று ஏதாவது ஓர் எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கும் விதிதான் புதியவருக்கு ஏற்றது. பி.எம். கிசான் திட்டம் தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ள விவசாயிகளுக்கு மட்டும் என்று இருந்தது. 2019-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இப்படி ஓர் எண் மாறி, பயனாளிகள் பட்டியலே மாறிய விதிகள் பயிற்சிக்கு மிகவும் உகந்தவை.

நாம் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்வோம். இதன் முதல் விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் மு.க. ஸ்டாலின் 2023 ஜூலை 24 அன்று நம் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார். திட்டம் செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் நடைமுறைக்கு வந்தபோது 1.06 கோடிப் பெண்கள் பயனாளிகள். 2023-ல் அறிவித்த விதிகளை நம் அடிப்படையாக வைத்துக்கொள்வோம். பிறகு வந்த, இனி வரும் திருத்தங்கள் ஒவ்வொன்றையும் தனிப் பதிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: விதியை ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளாக உடையுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவாகும், ஆகவும் வேண்டும். முக்கிய நிபந்தனைகள் இவை: பெண்ணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குக் கீழ். நிலம் மேலே சொன்ன வரம்புக்குள். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழ். நான்கு சக்கரச் சொந்த வாகனம், அரசு வேலை, வருமான வரி முதலியவை இருந்தால் தகுதி இல்லை.

படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். கணினிக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போதுதான் சிக்கல்கள் தலை காட்டும்.

மூன்று ஏக்கர் நன்செய், ஆறு ஏக்கர் புன்செய் இரண்டும் வைத்திருக்கும் காவேரிப்பட்டணத்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வரம்புக்குள். ஆனால் ஒரு ஏக்கர் நன்செய்க்கு இரண்டு ஏக்கர் புன்செய் என்று மாற்றிக் கூட்டினால் மொத்தம் 12 ஏக்கர் புன்செய்க்குச் சமம்; குடும்பம் வெளியே. விதியில் உள்ள "அல்லது" என்ற ஒற்றைச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதிலேயே விடை மாறிவிடுகிறது. நில உச்சவரம்புக்காகத் தமிழ்நாட்டில் 1961-ல் வந்த சட்டம் இந்தத் தொல்லையை முன்கூட்டியே உணர்ந்து "தர ஏக்கர்" என்ற அளவை வகுத்துக்கொண்டது. உதவித்தொகைத் திட்டங்களின் ஆணைகளில் அந்த அளவுக்கு நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. எனவே இரண்டு வாசிப்பையும் மாதிரிக்குள், அதாவது கணினியில் நாம் கட்டும் கணக்கமைப்புக்குள், வையுங்கள். முதலில் ஒன்றை வைத்தும், பிறகு மற்றொன்றை வைத்தும் ஓட்டுங்கள். இரண்டு விடைகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கவலையில்லை. வெகுதூரம் விலகியிருந்தால், நீங்கள் ஒரு செய்தியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

அடுத்தது பட்டா. தாத்தா பெயரில் இருக்கும் நிலத்தை மூன்று மகன்கள் பாகம் பிரிக்காமல் உழுதுகொண்டிருப்பது தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் சாதாரணம். கூட்டுப் பட்டாவில் உள்ள ஒன்பது ஏக்கரை யார் கணக்கில் எழுதுவது? மூன்றாகப் பங்கிட்டால் மூன்று குடும்பங்களுக்கும் வரம்பு தொட முடியாத உயரத்தில் இருக்கும். ஒருவர் பெயரிலேயே எழுதினால் அவர் மட்டும் விளிம்பில் நிற்பார்.

மின்சாரத்திலும் இதே கதை. 3,600 யூனிட் என்றால் இரண்டு மாதக் கணக்கெடுப்புக்குச் சராசரியாக 600 யூனிட். ஒரே வீட்டில் ஒரே மீட்டரில் இரண்டு குடும்ப அட்டைகள் இருந்தால், 700 யூனிட்டை இருவருக்கும் பாதி பாதியா, இருவருக்குமே முழுதுமா? ஓசூரில் வாடகைக்குக் குடியிருப்பவரின் மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்குமே, அது யார் கணக்கில் சேரும்?

வருமானம் இன்னும் மோசம். மாவில் ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓய்கிறது. காய்த்த ஆண்டிலும் மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா ரகத்துக்கு என்ன விலை கொடுக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் வரவு. பாலக்கோட்டுத் தக்காளிக்காரரிடம் ஆண்டு வருமானம் கேட்டால், எந்த மாதத்து விலையில் என்று அவர் திருப்பிக் கேட்பார்.

இவற்றில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்: தேதி, விதியின் வரி, நான் எடுத்துக்கொண்ட பொருள், காரணம். பிற்பாடு யாராவது உங்கள் எண்ணைக் கேள்வி கேட்டால் இந்தக் குறிப்பேடுதான் துணை. மென்பொருள் எதுவானாலும் இதைத் தவிர்க்க முடியாது.

மூன்றாம் படி: குடும்பங்களை உள்ளே கொண்டுவாருங்கள்

இரண்டு வழிகள் உள்ளன. எளிதானது, கற்பனைக் குடும்பங்களை உருவாக்குவது. ஒரு தாளில் ஆயிரம் வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு குடும்ப அட்டை. நெடுவரிசைகளில் வட்டம், உறுப்பினர் எண்ணிக்கை, நன்செய், புன்செய், வருமானம், மின் யூனிட், கார் உண்டா, ஓய்வூதியம் பெறுபவர் உண்டா. எண்களை, தற்செயலாக ஓர் எண்ணைத் தரும் ரேண்டம் (RAND) வாய்ப்பாட்டால் நிரப்பலாம்.

இதில் புதியவர்கள் அனைவரும் விழும் குழி ஒன்று உண்டு. நிலத்தையும் மின்சாரத்தையும் தனித்தனியாக ரேண்டம் எண்ணால் நிரப்பினால் இரண்டுக்கும் தொடர்பே இல்லாத ஓர் ஊர் உருவாகிவிடும். நில வரம்பை மீறுபவர்கள் 10 சதவீதம், மின் வரம்பை மீறுபவர்கள் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தொடர்பே இல்லையென்றால் மொத்தம் 19 சதவீதம் குடும்பங்கள் விலக்கப்படும். இரண்டையும் மீறுபவர்கள் ஒரே ஆட்களாக இருந்தால் 10 சதவீதம்தான். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். கார் வைத்திருப்பவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கவும், மின் யூனிட் ஏறவும் வாய்ப்பு அதிகம். ஆனால் நிறையப் புன்செய் வைத்திருப்பவர் வசதியானவர் என்று இங்கே சொல்லிவிட முடியாது. அஞ்செட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பதினோரு ஏக்கரில் கேழ்வரகும் கொள்ளும் விதைத்துவிட்டு, வயிற்றுப்பாட்டுக்குப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பத்தை உங்கள் தாள் காட்ட வேண்டும். டெல்டாவின் நிலக் கணக்கை அப்படியே எடுத்து ஒட்டினால் அந்தக் குடும்பம் காணாமல் போய்விடும். நம் மாவட்டங்களுக்கென்று தனியாக மாதிரி தேவைப்படுவதற்கு முதல் காரணமே இதுதான்.

இன்னொரு நடைமுறை எச்சரிக்கை. எக்செல்லில் ஒரு கட்டத்தைத் தொட்டாலே ரேண்டம் எண்கள் அனைத்தும் புதிதாக மாறிவிடும். விதியை மாற்றும்போது ஊரும் சேர்ந்து மாறினால் எதனால் வித்தியாசம் வந்தது என்று எப்படிச் சொல்வது? எண்கள் நிரம்பியவுடன் முழுவதையும் நகலெடுத்து, மதிப்புகளாக மட்டும் ஒட்டி உறைய வைத்துவிடுங்கள்.

இரண்டாம் வழி, உண்மையான கணக்கெடுப்புத் தரவு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2022-23-லும் 2023-24-லும் நடத்திய குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் தரவு, பெயர் அடையாளங்கள் நீக்கப்பட்டு, அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றிலும் நாடு முழுவதும் ஏறத்தாழ 2.6 லட்சம் குடும்பங்கள். தரவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எடை எண் இருக்கும். அந்த ஒரு குடும்பம் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்பதைச் சொல்வது அது. எடையைப் பெருக்காமல் கூட்டினால் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

இதற்கும் எல்லைகள் உண்டு. அந்தக் கணக்கெடுப்பு செலவைக் கேட்கிறது, வருமானத்தைக் கேட்பதில்லை. செலவிலிருந்து வருமானத்தை ஊகிக்க வேண்டும். அதுவும் குறிப்பேட்டில் ஏற வேண்டிய முடிவு. மேலும், ஒரு மாவட்டத்துக்கு மட்டும் பிரித்தால் கையில் மிஞ்சும் குடும்பங்கள் மிகக் குறைவு. தருமபுரிக்கு மட்டும் தனி எண் சொல்லும் ஆசையை அடக்கிக்கொண்டு, இதே போன்ற வறண்ட அண்டை மாவட்டங்களையும் சேர்த்துக்கொண்டு, பிறகு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களுக்கு இணங்க எடைகளைத் திருத்துவது நல்லது. அந்தக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் சுமார் 15.07 லட்சம் பேர், 2004-ல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியில் சுமார் 18.8 லட்சம் பேர்.

தெரிந்தவர்களின் குடும்ப அட்டை நகலை வாங்கித் தாளை நிரப்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. ஆதார் எண், அட்டை எண், பெயர் எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை. இருந்தால் தொல்லைதான்.

நான்காம் படி: இப்போதுள்ள விதியை முதலில் ஓட்டுங்கள்

ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு தனி நெடுவரிசை வையுங்கள். நிபந்தனை குடும்பத்தைத் தடுத்தால் 1, தடுக்காவிட்டால் 0. எல்லாவற்றையும் ஒரே நீண்ட வாய்ப்பாட்டில் அடைத்து "தகுதி உண்டு, இல்லை" என்று மட்டும் எழுதுபவர்கள் பிறகு எங்கே தவறு என்று தெரியாமல் தவிப்பார்கள். கடைசியில் ஒரு நெடுவரிசையில் தடைகளைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பூஜ்யம் என்றால் தகுதி உண்டு.

ஆயிரம் வரிசைகளை ஓட்டுமுன் பத்துக் குடும்பங்களை வைத்துக் கையால் சரிபாருங்கள். அந்தப் பத்தும் விளிம்பில் நிற்பவையாக இருக்கட்டும்: 3,599 யூனிட், 3,600 யூனிட், 3,601 யூனிட், சரியாக 10 ஏக்கர், நேற்று 21 முடிந்த பெண், நாளை முடியப்போகும் பெண். "குறைவாக" என்பதற்கும் "மிகாமல்" என்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த வரிசைகளில்தான் பிடிபடும். சட்டம் படித்தவர்கள் கணினி படித்தவர்களை விட இதை வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மாநில அளவிலான தரவு வைத்திருந்தால் ஒரு பெரிய சோதனை உங்களுக்காகக் காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள். தொடக்கத்தில் பணம் போய்ச் சேர்ந்தது 1.06 கோடிப் பேருக்கு. உங்கள் மாதிரி 1.7 கோடி என்று சொன்னால் உடனே பயப்பட வேண்டாம், 1.06 கோடி வந்தே ஆக வேண்டும் என்று வருமான ஊகத்தை வளைக்கவும் வேண்டாம். தகுதி இருப்பது வேறு, விண்ணப்பிப்பது வேறு, விண்ணப்பம் ஏற்கப்படுவது வேறு. அந்த இடைவெளிக்கு ஏழாம் படியில் வருவோம்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு விதியை மாற்றுங்கள்

வரம்புகளை வாய்ப்பாட்டுக்குள் நேரடியாக எழுதாமல், தாளின் மேல்பகுதியில் தனிக் கட்டங்களில் வைத்திருந்தால் இந்தப் படி ஒரு நிமிட வேலை. புன்செய் வரம்புக் கட்டத்தில் 10-ஐ அழித்து 12 என்று எழுதுங்கள். பழைய தகுதி நெடுவரிசைக்குப் பக்கத்தில் புதிய தகுதி நெடுவரிசை.

இப்போது மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். நான்கு கட்டம் போடுங்கள்: முன்பும் இப்போதும் உள்ளே, முன்பும் இப்போதும் வெளியே, புதிதாக உள்ளே, புதிதாக வெளியே. பயிற்சிக்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஆயிரம் குடும்பங்களில் பழைய விதியில் 640 தகுதி. புன்செய் வரம்பை 12 ஆக உயர்த்தி, கூடவே செலவை ஈடுகட்ட மின் வரம்பை 3,000 யூனிட்டாகக் குறைக்கிறார்கள். புதிய விதியில் 621. நிகரமாக 19 குறைவு என்று செய்தி வரும். ஆனால் நான்கு கட்டத்தைப் பார்த்தால் 12 குடும்பங்கள் உள்ளே வந்திருக்கின்றன, 31 வெளியே போயிருக்கின்றன. 43 வீடுகளில் நிலைமை மாறியிருக்கிறது. அந்த 31 எந்த வட்டம்? ஓசூர், கிருஷ்ணகிரி நகரப் பகுதிகளில் ஒரே மீட்டரில் கூட்டுக் குடும்பமாக வாழ்பவர்களா? உள்ளே வந்த 12 அஞ்செட்டி, பென்னாகரம் புன்செய்க்காரர்களா? கொள்கை விவாதம் உண்மையில் தொடங்குவது இங்கேதான். அரசின் செய்திக்குறிப்பில் பெரும்பாலும் நிகர எண்தான் இருக்கும்.

தடைகளைக் கூட்டிய நெடுவரிசைக்கும் இப்போது வேலை வருகிறது. அதில் 1 என்று உள்ள குடும்பங்களை மட்டும் வடிகட்டி, அவர்களைத் தடுக்கும் அந்த ஒற்றை நிபந்தனை எது என்று எண்ணுங்கள். ஒரு வரம்பைத் தளர்த்தினால் பயன் பெறக்கூடியவர்கள் இவர்களுக்குள்தான் இருப்பார்கள். 2, 3 என்று உள்ளவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தாலும் அடுத்த கதவு மூடியே இருக்கும். நில வரம்பைத் தாண்டியவர்கள் நூறு பேர் என்றால், தளர்த்தினால் நூறு பேருக்கும் கிடைக்கும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த ஒரு நெடுவரிசையைப் பார்த்ததில்லை.

நடந்த மாற்றம் ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள். முதலில் வந்த விதிப்படி, முதியோர் ஓய்வூதியம் போன்ற உதவி பெறுபவர் ஒருவர் இருந்தாலே அந்தக் குடும்பத்துக்கு உரிமைத் தொகை இல்லை. பாட்டிக்கு ஓய்வூதியம் வருவதால் மருமகளுக்குத் தகுதி போனது. 2023 ஆகஸ்டில், முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் இருக்கும் குடும்பத்திலும் தகுதியுள்ள வேறு பெண் விண்ணப்பிக்கலாம் என்று அரசு தளர்த்தியது. இதை உங்கள் தாளில் செய்ய முயன்றால் எண்ணை மாற்றி முடிக்க முடியாது என்பது தெரியும். பழைய விதி அட்டையைச் சோதித்தது. புதிய விதி ஆளைச் சோதிக்கிறது. வரிசைக்கு ஓர் அட்டை என்று இருந்த தாளை, வரிசைக்கு ஒரு நபர் என்று விரித்து, அட்டை எண்ணால் இணைக்க வேண்டியிருக்கும். எண் மாற்றம், அலகு மாற்றம் என்று திருத்தங்கள் இரு வகை. இரண்டாவது வகைக்குத் தாளையே மறுபடி கட்ட வேண்டும் என்பதால், தொடக்கத்திலேயே நபர்வாரியாகக் கட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆறாம் படி: மக்கள் சும்மா இருக்க மாட்டார்கள்

இதுவரை நாம் வைத்த மாதிரியில் விதி மாறினாலும் குடும்பங்கள் அசையாமல் அப்படியே நிற்கின்றன. உண்மையில் மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு வரம்பின் இந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் சிலர் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். மகனுக்குத் திருமணமானதும் குடும்ப அட்டையைப் பிரிப்பது இயல்பாகவே நடப்பதுதான். அட்டைக்கு ஒரு தொகை என்னும்போது அது விரைவுபடும். இரண்டாவது மின் இணைப்புக்கு விண்ணப்பிப்பார்கள். பழைய கார் வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடுவார்கள். கூட்டுப் பட்டாவைப் பிரிக்கும் பேச்சு வீட்டில் எழும்.

இதை மாதிரிக்குள் கொண்டுவர எளிய வழி, மூன்று நிலைகளை வைப்பது. அட்டை பிரிக்க வாய்ப்புள்ள குடும்பங்களில் யாரும் பிரிக்கவில்லை. 5 சதவீதம் பேர் பிரித்தார்கள். 15 சதவீதம் பேர் பிரித்தார்கள். மூன்றுக்கும் செலவு என்ன? இந்தச் சதவீதங்கள் நம் ஊகங்கள் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். அண்டை வீட்டைப் பார்த்து அடுத்த வீடு பிரிப்பது போன்ற தொற்றுப் பழக்கத்தைக் காட்ட விரும்பினால் நெட்லோகோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. யூரி விலென்ஸ்கி 1999-ல் உருவாக்கியது. பள்ளி மாணவரும் கற்றுக்கொள்ளலாம். திரையில் புள்ளிகள் நிறம் மாறுவது கண்ணுக்கு விருந்தாக இருக்கும். அதனாலேயே பார்ப்பவர்கள் அதை எளிதில் நம்பிவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அறிக்கையில் நெட்லோகோ படத்தைச் சேர்ப்பதற்கு நான் எப்போதும் தயங்குவேன்.

ஏழாம் படி: தகுதிக்கும் கைக்கு வருவதற்கும் நடுவே

தளியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் முகாம் நாளில் ஊரில் இல்லை. வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படவில்லை. குடும்ப அட்டையில் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தகுதியுள்ள நூறு பேரில் எத்தனை பேருக்குப் பணம் போய்ச் சேரும் என்பதற்கு ஒரு விகிதம் வையுங்கள். மலைக்கிராமத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால் இன்னும் நல்லது. மேல்முறையீட்டுக்கு வழி வைத்தால் விகிதம் எவ்வளவு ஏறும் என்பதும் ஒரு கொள்கைக் கேள்விதான். வரம்பை உயர்த்துவதை விட ஆவணச் சிக்கலைத் தீர்ப்பது அதிகக் குடும்பங்களைச் சேர்க்கும் என்று மாதிரி காட்டினால் வியப்படைய வேண்டாம்.

எட்டாம் படி: ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள்

மேலே சொன்ன கற்பனைக் கணக்கில், வரம்பு உயர்வால் ஆயிரத்துக்கு 12 குடும்பங்கள் உள்ளே வந்தன. வேறு ஆயிரம் குடும்பங்களை எடுத்திருந்தால் 8 வந்திருக்கலாம், 17-ம் வந்திருக்கலாம். தோராயமாக 5 முதல் 19 வரை என்று சொல்வதே நேர்மை. ஒரு லட்சம் அட்டைகள் உள்ள பகுதிக்கு இதை விரித்தால் 500 முதல் 1,900 குடும்பங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.12,000 வீதம் 60 லட்சம் முதல் 2.28 கோடி ரூபாய் வரை. வீச்சு இவ்வளவு அகலமா என்று தோன்றும். அகலம்தான். நான்கு இலக்கத் துல்லியத்தோடு ஓர் எண்ணைச் சொல்லும் அறிக்கையைப் பார்த்தால், எத்தனை குடும்பங்களை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இந்த வீச்சு தற்செயலால் வருவது மட்டுமே. நன்செய், புன்செய் வாசிப்பால் வரும் வித்தியாசமும், அட்டை பிரிப்பு ஊகத்தால் வரும் வித்தியாசமும் தனி. மூன்றையும் ஒன்றாகக் குழைக்காமல் மூன்று வரிகளாக எழுதுங்கள். எழுதும் அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: விதியின் எந்த வரியை மாற்றினோம், யார் இழக்கிறார்கள், யார் பெறுகிறார்கள், செலவின் வீச்சு, நம் முக்கிய ஊகங்கள். இழப்பவர்களை முதலில் எழுதுவது என் வழக்கம். பெறுபவர்களைப் பற்றிச் சொல்ல ஆள் நிறைய இருப்பார்கள்.

எக்செல்லை விட்டு எப்போது நகர்வது

ஒரு லட்சம் வரிசை, பத்து விதிப் பதிப்பு என்று போகும்போது தாள் திணறும். அப்போது பைத்தான் அல்லது ஆர் (R) என்ற நிரல் மொழிக்குப் போகலாம். பைத்தான் 3-ல் மாறிகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. "புன்செய்_வரம்பு" என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும். சட்டம் தெரிந்த, நிரல் தெரியாத நண்பர் உங்கள் நிரலைப் படித்துத் தவறு கண்டுபிடிக்க இது பேருதவி.

ஓப்பன்ஃபிஸ்காவுக்குப் போனால் கிடைக்கும் பெரிய வசதி தேதி. ஒவ்வொரு வரம்பும் எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது என்பதோடு தனிக் கோப்பில் இருக்கும். 2023 ஜூலை விதிப்படி இந்தக் குடும்பத்துக்கு என்ன, செப்டம்பர் விதிப்படி என்ன என்று ஒரே மாதிரியிடம் கேட்கலாம். நாம் கையால் சரிபார்த்த அந்தப் பத்து விளிம்புக் குடும்பங்களையும் சோதனைகளாக உள்ளே எழுதி வைத்துவிட்டால், நிரலில் எதையாவது மாற்றும்போது பழைய விடைகள் கெட்டனவா என்று அதுவே சொல்லிவிடும்.

கை பழகிய பிறகு எடுத்துச் செய்ய ஒரு கணக்கு தருகிறேன். வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மாதந்தோறும் கணக்கெடுக்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. மாதக் கணக்கெடுப்பும், மாதத்துக்கு 50 யூனிட் இலவசமும் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 40 யூனிட், அடுத்த மாதம் 80 யூனிட் செலவழித்த வீட்டுக்கு இப்போதைய முறையில் 20 யூனிட்டுக்குக் கட்டணம். புதிய முறையில் 30 யூனிட்டுக்கு. மாதக் கணக்கெடுப்பு எல்லோருக்கும் லாபம் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது எதிராக வருகிறது. ஆனால் கணக்கெடுப்பவர் அறுபது நாளுக்குப் பதில் எழுபதாவது நாளில் வந்தால், மேல் படிநிலைக்குத் தள்ளப்பட்டுக் கூடுதலாகக் கட்டும் வீடுகள் எத்தனை? அந்த இழப்பு மாத முறையில் எவ்வளவு குறையும்? கோடையில் மட்டும் யூனிட் ஏறும் ஓசூர் வீட்டையும், ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஓடும் அரூர் வீட்டையும் தனித்தனி வரிசைகளாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.